கணக்கு யானையுடையது, சாவு யாருடையது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையில் கதை ஆடும் ஆட்டத்தின் கணக்கில் ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. சோமனூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மேசையில் நடந்த ஆறு வினாடியைத் தீர்த்து முடிக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு ட்ரூயிட், அதாவது மிருகமாக மாறத் தெரிந்த இயற்கை மந்திரக்காரி, யானையாக மாறி நின்றாள். எதிரி ஒரு சொல் சொன்னான். ஆட்டம் நடத்துகிற டி.எம். என்கிற முறையில் நான் "செத்தாச்சு" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் உருவம் மாறுகிறவர்கள் மேல் உடனடி மரண மந்திரம் விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில் எத்தனை முடிச்சு இருக்கிறதோ, அத்தனையும் அந்த ஒரு சுற்றுக்குள் இருந்தது. அதனால்தான் முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். இடம் ஒரு நண்பனுடைய தறிக்கூடத்தின் மாடி. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. மற்ற நாளில் அந்த மாடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஞாயிறு மட்டும் டைஸ் உருளுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். நூல் தீர்ந்த அட்டைக் கோன்கள்தான் எங்களுக்குத் தூண். தறியில் குறுக்கே ஓடுகிற நாடா உடைந்தது ஒன்று படகாகவும் பாலமாகவும் சவப்பெட்டியாகவும் பல வருடம் உழைத்திருக்கிறது. யானைக்கு, அவிநாசித் தேர்க் கடையில் வாங்கின மண் யானை. ஒரு காது போய்விட்டது.

ஆடுகிறவர்கள் நாலு பேர். ட்ரூயிட் ஆடுவது என் சித்தி மகள், கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கிறவள். கிளெரிக் என்கிற பூசாரிப் பாத்திரம், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமா. வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், விதிப்புத்தகத்தைப் பத்திரம் படிப்பது போலப் படிப்பவர். தறிக்கூடத்து நண்பன் போர்வீரன். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்கிற இன்னொருவன் மந்திரவாதி. எல்லோரும் 17ஆம் லெவல். இரண்டு வருடம் ஆடி அந்த இடத்துக்கு வந்திருந்தோம்.

அந்தச் சுற்றுக்கு முன்னால்

எதிரி ஒரு லிச். செத்த பிறகும் தன் உயிரை வேறொரு பொருளில் ஒளித்து வைத்துக்கொண்டு நடமாடும் மந்திரவாதி. 2014இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் அவனுக்கு 135 ஹெச்.பி., அதாவது எவ்வளவு அடி தாங்கலாம் என்கிற உயிர்ப்புள்ளி. அவன் மந்திரப் பட்டியலில் ஆளைக் கொல்வதற்கென்றே மூன்று இருக்கின்றன: ஆறாம் நிலையில் டிசின்டெக்ரேட், ஏழாம் நிலையில் ஃபிங்கர் ஆஃப் டெத், ஒன்பதாம் நிலையில் பவர் வேர்ட் கில். இந்த மூன்றும் ஒரே மாதிரிக் கொல்வதில்லை. இந்த வழக்கே அதில்தான் நிற்கிறது.

ட்ரூயிட்டுக்குச் சொந்த ஹெச்.பி. 122. அன்றைக்கு ஒரு கீறல்கூடப் படவில்லை. அவள் நிலா வட்டத்து ட்ரூயிட், அதாவது மிருகமாக மாறிச் சண்டை போடுவதில் தேர்ந்தவள். 17ஆம் லெவலில் சவால் அளவு (மிருகத்தின் பலத்தைக் குறிக்கும் எண்) 5 வரை உள்ள மிருகமாக மாறலாம். ட்ரைசெராடாப்ஸ்கூடப் பட்டியலில் இருந்தது. ஆனால் தான் கண்ணால் கண்ட மிருகமாகத்தான் மாற முடியும் என்பது விதி. "டைனோசரை நான் எங்கீங்ண்ணா பாத்தேன்? யானைய மருதமலை அடிவாரத்துலயே பாத்திருக்கறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுடைய பாத்திரத்தையும் அப்படியே ஒரு மலையடிவாரத்தில் பிறந்தவளாக எழுதினோம். அதனால் யானை.

யானைக்கு 76 ஹெச்.பி. முந்தின சுற்றுகளில் 18 போய், 58 மிச்சம்.

மிருகமாக மாறுகிற இந்தத் திறமை, வைல்ட் ஷேப், எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2014 விதிப்படி மிருகமாக மாறினால் அந்த மிருகத்தின் ஹெச்.பி. உங்களுக்கு வந்துவிடும். சொந்தப் புள்ளி பத்திரமாக ஓரமாக இருக்கும். மிருகம் 0க்கு வந்தால் நீங்கள் பழைய உருவத்துக்குத் திரும்பி, பழைய புள்ளியோடு நிற்பீர்கள். மிருகம் தாங்காமல் மிஞ்சின அடி மட்டும் உங்கள் கணக்கில் சேரும். ஆக, யானை என்பது மேலே போட்டுக்கொண்ட ஒரு தடித்த சட்டை மாதிரி. சட்டை கிழிந்தால் உள்ளே ஆள் முழுசாக இருப்பாள். இரண்டு வருடமாக நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்துப் பழகியிருந்தோம்.

அந்தப் பழக்கம்தான் மாமாவின் கையையும் தப்பாக நடத்தியது. காலையில் அவரிடம், சாவைத் தடுக்கும் டெத் வார்ட் மந்திரம் போட ஒரு ஸ்லாட், அதாவது ஒரு வாய்ப்பு, இருந்தது. அதை யார் மேல் போடுவது என்று பேச்சு வந்தபோது, "கண்ணுக்கு எதுக்கு, அவளுக்கு ரெண்டு உசுரு" என்று சொல்லி, முன்னால் நிற்கிற போர்வீரன் மேல் போட்டார். யாரும் மறுக்கவில்லை.

சொல்

லிச்சின் முறை வந்தது. எங்கள் மந்திரவாதி தன்னைக் காத்துக்கொள்ள ஷீல்ட் போட்டு, அந்தச் சுற்றுக்கு இருந்த ஒரே எதிர்வினையைச் செலவழித்துவிட்டான். எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் போட ஆள் இல்லை. லிச் அறுபது அடிக்குள் கண்ணில் படுகிற யானையைப் பார்த்து பவர் வேர்ட் கில் சொன்னான்.

இந்த மந்திரத்துக்கு, டைஸ் உருட்டித் தப்பப் பார்க்கிற சேவ் கிடையாது. டைஸ் கிடையாது. 2014 விதியில் அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: குறி வைத்த உயிருக்கு 100 ஹெச்.பி.யோ அதற்குக் கீழோ இருக்கிறதா? இருந்தால் சாவு. 101 இருந்தால் ஒன்றும் ஆகாது, ஒன்பதாம் நிலை ஸ்லாட் வீண். இதே ஆட்டத்தின் 1978 கையேட்டில் அந்த எல்லை 60 ஆக இருந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு 100 ஆக்கியது.

நான் மண் யானையை எடுத்துப் படுக்கப் போட்டேன். "58. நூறுக்குக் கீழ. செத்தாச்சு."

அவள் சிரித்தபடியே, "சரி, நான் திரும்பி வந்துட்டனுங்ண்ணா, 122" என்றாள்.

"இல்ல கண்ணு. நீ செத்துட்டே."

காரணம் சொல்லவில்லை. இதுதான் அன்று நான் செய்த தப்பு. தீர்ப்பு சரியா தப்பா என்பது அப்புறம். இரண்டு வருடமாக ஒருத்தி வளர்த்த ஆளை ஒரே சொல்லில் எடுக்கும்போது, எந்த வரியை வைத்து எடுக்கிறேன் என்று அந்த இடத்திலேயே காட்டியிருக்க வேண்டும். மணி எட்டரை ஆகியிருந்தது. அவள் டைஸைப் பையில் போட்டு, ஜிப்பை மூடி, "வர்றேனுங்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சுற்றிலேயே ஆட்டத்தை நிறுத்தி வைத்தோம். மேசை மேல் கோன்களையும் யானையையும் அப்படியே விட்டு, கதவைப் பூட்டினோம்.

மூன்று எதிர்வாதம்

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நானும் எழுதி வைத்திருந்தேன். மாமா புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

முதல் வாதம் அன்று சொன்னதே. உருவம் போனால் ஆள் திரும்பி வருவாள். சூரசம்ஹாரத்தை எடுத்துச் சொன்னாள். சின்ன வயதில் எங்களை எல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள்: சூரன் பொம்மைக்கு யானைத் தலை விழும், சிங்கத் தலை ஏறும், அதுவும் விழும், இன்னொன்று வரும். ஒவ்வொரு தலை விழும்போதும் கூட்டம் கத்தும், ஆனால் சூரன் முடியமாட்டான். "என்ற யானையும் அப்படித்தானுங்களே. யானைத் தலைதானுங் விழுந்துச்சு."

மாமா புத்தகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார். "அப்ப மாரீசன் என்னாச்சு சாமி? மான் மேலதான் அம்பு பட்டுச்சு. மான் செத்து அரக்கன் எந்திரிச்சு வந்தானா? அரக்கனாத் திரும்பினான், செத்தான்."

இந்த இரண்டு உதாரணமும்தான் எனக்கு இந்த வழக்கையே திறந்து காட்டின. இரண்டும் நம் ஊர்க் கதைகள், இரண்டிலும் உருவம் கலைகிறது, ஆனால் முடிவு வேறு. விதிப்புத்தகமும் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. வைல்ட் ஷேப் எப்போது கலையும் என்று சொல்லும் வரியில் மூன்று காரணம் வருகிறது: நினைவு தப்பினால், 0 ஹெச்.பி.க்கு வந்தால், அல்லது செத்தால். செத்தால் என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். 0க்கு வருவதும் சாவதும் ஒன்றேயானால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. 0க்கு வந்து திரும்புவது சூரன் வழி. செத்துத் திரும்புவது மாரீசன் வழி: உருவம் கலையும், கலைந்து கிடப்பது பிணம். மிஞ்சின அடி சொந்த உருவத்தில் சேரும் என்ற சலுகைகூட, 0க்கு வந்ததால் திரும்பினால் என்றுதான் எழுதியிருக்கிறது. பவர் வேர்ட் கில் யாரையும் 0க்குக் கொண்டு வருவதில்லை. அடியே கொடுப்பதில்லை. நேராகச் சாவைக் கொடுக்கிறது.

இரண்டாவது வாதம் கெட்டிக்காரத்தனமானது, எனக்கு ரொம்பப் பிடித்தது. சரி, செத்தே திரும்பினேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரும்பும்போது மாறுவதற்கு முன் இருந்த ஹெச்.பி.யோடு திரும்புவேன் என்றும் விதி சொல்கிறதே. அப்படியானால் 122 புள்ளியோடு ஒரு பிணமா? 122 புள்ளி இருக்கிற ஆள் எப்படிச் செத்தவள் ஆவாள்?

இதற்கு நான் நாலு நாள் தேடினேன். விடை ட்ரூயிட் பக்கத்திலும் இல்லை, மந்திரப் பக்கத்திலும் இல்லை. காயம் ஆறுவதைப் பற்றிய சாதாரணப் பத்தியில் இருக்கிறது. செத்துப்போன உயிர், ரிவிவிஃபை மாதிரி ஒரு மந்திரம் அதை உயிர்ப்பிக்கும்வரை, ஹெச்.பி.யைத் திரும்பப் பெற முடியாது என்று ஒரு வரி. செத்தது என்பது புள்ளிக் கணக்கில் வருகிற ஒரு எண் இல்லை, அது தனி நிலை. புள்ளி ஊற்றி அந்த நிலையைக் கழுவ முடியாது. அந்த வரியை வாசித்துக் காட்டினதும் அவள் தன் தாளில் இரண்டாவது வாதத்தை ஒரு கோடு போட்டு அடித்தாள்.

மூன்றாவதை அடிக்கவில்லை. எழுந்து நின்று சொன்னாள்:

"அப்ப கணக்கு மட்டும் யானையோடதுங்ளா, சாவு மட்டும் என்றதுங்ளா?"

மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அவள் கேட்டது நியாயம். 122 ஹெச்.பி.யோடு சும்மா மனுஷியாக நின்றிருந்தால் லிச்சின் சொல் அவளைத் தொட்டிருக்காது. பெரிய உடம்பு வேண்டும் என்று யானையாக மாறினாள். அந்தப் பெரிய உடம்புதான் அவளை நூறுக்குக் கீழே இறக்கியது. எண்ணும்போது யானையை எண்ணுகிறார்கள், கொல்லும்போது அவளைக் கொல்கிறார்கள். விதியின் எழுத்து அப்படித்தான். புள்ளி உடம்புக்கு, சாவு ஆளுக்கு. வைல்ட் ஷேப்பில் அறிவும் மனமும் ட்ரூயிட்டுடையதாகவே இருக்கின்றன. பவர் வேர்ட் கில்லோ மயக்கு மந்திர வகையைச் சேர்ந்தது, சாகச் சொல்லி இடுகிற கட்டளை. கட்டளை போய்ச் சேருவது உள்ளே இருக்கிறவளிடம் என்று கதைக்குள் ஒரு காரணம் சொல்லலாம். நானும் சொன்னேன். ஆனால் அது மனசை ஆற்றுகிற காரணம்தான், கணக்கை நேராக்குகிற காரணம் இல்லை. நான் தீர்ப்பை மாற்றவில்லை. 2014 விதியில் இந்தக் கோணல் இருக்கிறது என்று மட்டும் ஒப்புக்கொண்டேன்.

அதே யானை, வேறு மந்திரம்

அன்று லிச் வேறு விரலை நீட்டியிருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

ஃபிங்கர் ஆஃப் டெத் பேருக்குத்தான் மரணம். உண்மையில் அது அடி: 7டி8+30 (எட்டு முக டைஸ் ஏழை உருட்டி, 30 கூட்டுவது), சராசரியாக 61. சேவில் தோற்றால் 58 இருந்த யானை விழும், 3 மிஞ்சும், அவள் 119 ஹெச்.பி.யோடு மனுஷியாக நிற்பாள். அத்தனையும் அதிகபட்சமாக உருண்டு 86 வந்திருந்தாலும் 94 மிச்சம். உருவம் மாறுகிறவர்களுக்கு இந்த மந்திரம் பெரிய ஆபத்தே இல்லை.

டிசின்டெக்ரேட்டின் கதை நீளம். சேவில் தோற்றால் 10டி6+40, சராசரி 75. முதலில் அச்சான விதியில், இந்த அடி குறியை 0க்குக் கொண்டு வந்தால் அது தூசியாகிவிடும் என்று இருந்தது. யானை 0க்கு வருகிறது. அப்படியானால் திரும்புவதற்கு முன்பே தூசியா? தூசியானால் ரிவிவிஃபை உதவாது, ட்ரூ ரெசரெக்‌ஷனோ விஷ்ஷோதான் மீட்கும். 2018 திருத்தத்தில் ஒரு சொல்லை மாற்றினார்கள்: இந்த அடி குறியை 0 ஹெச்.பி.யில் விட்டுச் சென்றால் தூசி. 0க்குக் கொண்டு வருவது வேறு, 0இல் விட்டுச் செல்வது வேறு. யானை 0க்கு வந்தாலும், மிஞ்சின 17ஐ வாங்கிக்கொண்டு அவள் 105இல் நிற்கிறாள். எல்லாம் முடிந்து பார்க்கும்போது 0 இல்லை. அதனால் தூசி இல்லை. ஒரு வினைச்சொல் மாறினதில் ஒரு ட்ரூயிட் பிழைக்கிறாள். விதி எழுதுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

ஆக, அவன் கையில் இருந்த மூன்றில் இரண்டு உடம்பைத் தொடுகின்றன, ஒன்று உயிரைத் தொடுகிறது. அந்த ஒன்றைத்தான் லிச் எடுத்தான். யானையின் புள்ளி தெரிந்து எடுத்தானா என்று போர்வீரன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். மந்திரம் போடுகிறவனுக்கு எதிரியின் ஹெச்.பி. தெரியாது, டி.எம்.முக்குத் தெரியும். சண்டைக்கு முன் லிச்சின் திட்டத்தை எழுதி வைத்த தாளை எடுத்துக் காட்டினேன்: "மூன்றாம் சுற்று: முன்னால் நிற்பவரில் ரத்தம் தெரிகிற பெரிய உருவத்தின் மேல் சொல்." யார் யானையாக வருவார்கள் என்று அப்போது எனக்கும் தெரியாது. இந்த மாதிரி மந்திரம் வைத்திருக்கும் எதிரிக்கு முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் டி.எம். கண்ணே அறியாமல் கணக்குப் பார்த்துவிடும்.

எல்லா உருமாறியும் ஒன்றில்லை

இந்தக் கோணல் எல்லோருக்கும் வராது. டாப்பல்கேங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் மாதிரி வேஷம் கட்டும் பிராணி, 52 ஹெச்.பி. யாராக மாறினாலும் அதே 52தான். எங்கள் ஆட்டத்தில் முன்பு ஒரு மாட்டுச் சந்தையில் வியாபாரி வேஷத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. செத்தால் அது தன் நிஜ உருவத்துக்குத் திரும்பும். கணக்கும் அதனுடையது, சாவும் அதனுடையது. சண்டைக்கே இடமில்லை. வெள்ளி டிராகன் கிழவராக நடமாடும்போதும் தன் ஹெச்.பி.யை விடுவதில்லை, வளர்ந்த வெள்ளி டிராகனுக்கு 243. கோல் ஊன்றி நடக்கும் கிழவர்தானே என்று அவர் மேல் அந்தச் சொல்லை வீணாக்குகிற எதிரியை நான் என்றைக்காவது மேசைக்குக் கொண்டு வருவேன்.

ஒருவரை மிருகமாக மாற்றும் பாலிமார்ஃப் மந்திரத்தில்தான் 2014இல் வைல்ட் ஷேப் மாதிரியே புது உடம்பின் புள்ளி வரும். அது சாதகமாகவும் திரும்பும். எங்கள் மந்திரவாதிக்கு 87 ஹெச்.பி.தான், அவன்தான் பவர் வேர்ட் கில்லுக்கு உண்மையான இரை. அவனை ராட்சதக் குரங்காக மாற்றினால் 157. லிச்சின் சொல் மேலே பட்டு வழிந்துவிடும். ட்ரூயிட்டுக்கும் வழி இருந்தது. நிலா வட்டத்தார் பத்தாம் லெவலிலிருந்து பூதமாகவும் மாறலாம். மண் பூதத்துக்கு 126, நீர் பூதத்துக்கு 114. நெருப்புக்கு 102, இரண்டு புள்ளி கீறினால் போதும், அது ஆபத்தான சட்டை. காற்றுக்கு 90, அது வேண்டவே வேண்டாம். ஆனால் பூதமாக மாற வைல்ட் ஷேப் இரண்டும் வேண்டும். அவள் மதியமே ஒன்றை, ஆற்றைக் கடக்கப் பருந்தாகச் செலவழித்திருந்தாள். பதினெட்டாம் லெவலுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அங்கே போனால் மாமத்தாக மாறலாம், 126.

டெத் வார்ட் பற்றி மாமா ஒன்று சொன்னார். உருவம் மாறுகிறவர் யாராக இருந்தாலும் அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அது எட்டு மணி நேரம் நிற்கும், மனதைக் குவித்து வைத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு வேலை செய்யும். அடிபட்டு 0க்கு வரப்போகும்போது 1இல் நிறுத்தும். அடியில்லாமல் நேராகக் கொல்கிற எதையும் அடியோடு ரத்து செய்யும். எது முதலில் வருகிறதோ அதோடு தீர்ந்துவிடும். யானையாக இருக்கிறவள் மேல் அதைப் போட்டிருந்து, முதலில் சாதாரண அடியில் யானை 0க்கு வந்தால்? வார்ட் யானையை 1 ஹெச்.பி.யில் நிறுத்திவிட்டுப் போய்விடும். அவள் சும்மாவே 122க்குத் திரும்பியிருப்பாள். அந்த இடத்தில் வார்ட் தேவையே இல்லை, இருந்தும் செலவாகிவிடும். அப்புறம் 1 புள்ளி யானையாக லிச்சின் முன் நிற்பாள். அதனால் டெத் வார்ட் போட்டுக்கொண்ட ட்ரூயிட், மிருகம் தளரும்போது தன் முறையில் தானே உருவத்தைக் கலைத்துவிட வேண்டும். அதற்கு, தன் முறையில் கூடுதலாகச் செய்யக்கூடிய சின்னச் செயலான ஒரு போனஸ் ஆக்‌ஷன் போதும். சட்டை கிழியும்வரை காத்திருக்கக் கூடாது, கழற்றிவிட வேண்டும்.

2024 விதிகள் என்ன சொல்கின்றன

அவளுடைய மூன்றாவது வாதத்துக்குப் பதில் புது விதியில் இருக்கிறது. 2024இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், வைல்ட் ஷேப்பில் மாறினாலும் உங்கள் சொந்த ஹெச்.பி.யே இருக்கும். மேலே தற்காலிகப் புள்ளி கொஞ்சம் கிடைக்கும்: ட்ரூயிட் லெவல் அளவு, நிலா வட்டத்தாருக்கு அதில் மூன்று மடங்கு. பவர் வேர்ட் கில் தற்காலிகப் புள்ளியை எண்ணுவதில்லை, சொந்தப் புள்ளியைத்தான் எண்ணும். கணக்கும் அவளுடையது, சாவும் அவளுடையது.

ஆனால் அந்தச் சொல்லும் மாறியிருக்கிறது. 100க்கு மேல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்பது போய், 12டி12 மன அடி என்று வந்திருக்கிறது, சராசரி 78. அன்றைய சண்டையை அதில் வைத்துப் பார்த்தோம். யானை உருவில் தற்காலிகம் 51, சொந்தம் 122. அதற்கு முன் வாங்கின 18 போக தற்காலிகம் 33. சொல் விழுகிறது, 122 என்பதால் சாவு இல்லை, 78 அடி. 33 தாங்கும், 45 உள்ளே இறங்கும். 77இல் யானையாகவே நின்றிருப்பாள். வலிக்கும், ஆனால் நிற்பாள். நேர்மையான கணக்கு என்று எனக்குப் படுகிறது. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இன்னொரு வழியில் போகிறது: அங்கே இந்தச் சொல் புள்ளியைப் பார்க்காமல் லெவலைப் பார்க்கிறது, அதனால் உருவம் மாறுவது குறுக்கே வருவதே இல்லை.

அப்படியானால் அன்றே புது விதிக்கு மாறி அவளை எழுப்பியிருக்கலாமே என்று நண்பன் சொன்னான். நானும் யோசித்தேன். அவளே வேண்டாம் என்றாள். "ஆட்டத்துக்கு நடுவுல விதிய மாத்துனா, அடுத்த வாரம் எனக்கு எதிரா மாத்துவீங்." இந்த ஆட்டம் 2014இல் முடியட்டும், அடுத்த ஆட்டம் 2024இல் என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

நிறுத்திய இடத்திலிருந்து

யானை படுத்த இடத்தில் இப்போது மனுஷி கிடக்கிறாள். பவர் வேர்ட் கில்லில் உடம்புக்கு ஒரு சேதமும் கிடையாது. அதுவே அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்லது. ரிவிவிஃபை மூன்றாம் நிலை மந்திரம். செத்து ஒரு நிமிடத்துக்குள் தொட்டுச் சொல்ல வேண்டும், 300 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும். ஒரு நிமிடம் என்றால் பத்துச் சுற்று.

மாமா நாற்பது அடி தள்ளி இருந்தார். நடுவில் இரண்டு கோன் தூண், அதற்கு நடுவில் லிச். முதல் சுற்றில் அவர் நகரவே முடியவில்லை. இரண்டாவதில் போர்வீரன் லிச்சைத் தூணோடு மடக்கினான். தன் மேல் இருந்த டெத் வார்ட் அங்கே அவனை 1இல் நிறுத்தித் தீர்ந்தது. மந்திரவாதி இந்த முறை எதிர்வினையைக் கட்டி வைத்திருந்து, லிச்சின் டிசின்டெக்ரேட்டைக் கவுன்டர்ஸ்பெல்லால் தடுத்தான். நாலாவது சுற்றில் மாமா போய்ச் சேர்ந்தார். தன் சீட்டில் வைரம் என்று எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, மண் யானையை மேசையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"எந்திரி சாமி. ஒண்ணுதான் இருக்குது, பாத்து நில்லு."

ரிவிவிஃபையில் எழுந்தால் 1 ஹெச்.பி. வைல்ட் ஷேப் ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் யானையைப் பையில் வைத்துவிட்டு, மனுஷிக்கான பொம்மையை எடுத்துத் தூணுக்குப் பின்னால் வைத்தாள். அப்புறம் மாமாவைப் பார்த்து, "நாளைக்குக் காலைல அந்த வார்ட என்ற மேல போடுங் மாமா" என்றாள்.